கிறிஸ்தியான்பேட்டையில் காத்திருந்தவர்கள்

ஜனவரி மாதத் தொடக்கத்தில் புராட்டஸ்டண்டுச் சபைகள் பலவற்றில் ‘ஜெப வாரம்’ என்று ஒன்று நடப்பதுண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்திலும் அது நடந்தது. பால் மரம் வெட்டி, பிற்பகலில் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தவர்கள், இரவு ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள். தோட்டத்து மின்சாரம் பத்து மணிக்கு நின்றுவிடும். அதன் பிறகும் சிலர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். “என்ன செய்கிறீர்கள்?” என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். “காத்திருக்கிறோம், தம்பி” என்றார். அந்தக் காத்திருப்பின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த ஜெப வாரத்தை வெள்ளைக்காரர் நாட்டுப் பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கான அழைப்பு புறப்பட்ட இடம் பஞ்சாபிலுள்ள லூதியானா. அங்கு ஊழியம் செய்த அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள், 1860 ஜனவரியில் ஒரு வாரம் முழுவதும் உலகத்துச் சபைகளெல்லாம் ஒருமித்து ஜெபிக்க வேண்டும் என்று 1858ஆம் ஆண்டில் கடிதம் விடுத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு நடந்த சிப்பாய்ப் புரட்சியில் அவர்களுடைய திருச்சபையைச் சேர்ந்த மிஷனரிகள் சிலர் உயிரிழந்திருந்தனர். அச்சமும் துயரமும் சூழ்ந்த வேளையில் எழுந்த அழைப்பு அது.

அதே காலத்தில் நியூயார்க் நகரில் இன்னொரு காரியம் நடந்திருந்தது. 1857 செப்டம்பர் 23ஆம் நாள், ஜெரமையா லான்பியர் என்ற சபை ஊழியர் ஃபுல்டன் தெருவில் நண்பகல் ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பு விடுத்திருந்தார். அரைமணி நேரம் வரையில் ஒருவரும் வரவில்லை. அவர் தனியாகவே அமர்ந்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து மொத்தம் ஆறு பேர் சேர்ந்தார்கள். சில மாதங்களுக்குள் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும், 1859இல் அயர்லாந்தின் வட பகுதியிலும் ஜெபக்கூட்டங்கள் பெருகின. வரலாற்று நூல்கள் அந்தப் பெருக்கத்தை விரிவாகச் சொல்லும். எனக்கென்னவோ அந்த அரைமணி நேரந்தான் பெரிதாகப் படுகிறது.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டை என்ற ஊரில் 1810இல் பிறந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். பின்னர் ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு பழகினார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் பல் மருத்துவராக நல்ல வருமானத்தோடு இருந்து, அதை உதறிவிட்டு வந்தவர். ஊழியன் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் கடவுளையே நம்பி வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. அருளப்பனும் அதையே தம் வழியாகக் கொண்டார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கி, உழைத்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களோடு அங்கே வாழ்ந்தார்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் உபதேசியார் என்றால் மிஷன் சம்பளக்காரர். சம்பளம் கொடுப்பவர் துரை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்பவரும் துரையே. கிறிஸ்தியான்பேட்டை மக்களுக்கு மேலே அப்படி ஒரு துரை இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அங்கே 1860ஆம் ஆண்டில் எழுப்புதல் பிறந்தது. அவ்வாண்டு மே மாத நிகழ்ச்சிகளை அருளப்பன் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், சிலர் தீர்க்கதரிசனம் உரைத்து மற்றவர்களைக் கடிந்துகொண்டார்கள். ஜூன் மாதத்தில் சிலர் அறியாத பாஷைகளில் கடவுளைத் துதித்தார்கள். கல்வியில்லாதவர்களும் பெண்களும் இளைஞர்களும் எழுந்து பேசினார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெந்தெகொஸ்தே இயக்கம் பரவத் தொடங்கிய 1906க்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் இது நடந்துவிட்டது.

எழுப்புதல் பக்கத்து ஊர்களிலிருந்த சி.எம்.எஸ். சபைகளுக்கும் பரவியது. வெள்ளைக்கார மிஷனரிகள் திகைத்தார்கள். ஆஷ்டன் டிப் என்ற மிஷனரி அவ்வாண்டிலேயே இதைப்பற்றித் தம் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். சிலர் ஏற்றுக்கொண்டனர், வேறு சிலர், இது வெறும் உணர்ச்சி வெறி என்று ஒதுக்கினர். அந்தச் சந்தேகத்தை நாம் முற்றிலும் தள்ளிவிட முடியாது. கூட்டம் உணர்ச்சிவசப்படும்போது எல்லாமே மெய்யாகத் தோன்றும். ஆனாலும், கறுத்த மனிதன் தானாக எழுந்து நடந்ததும் அவர்களுக்கு உறுத்தியிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

சந்தேகப்பட்டவர்களுக்கு ஆதாரமும் பின்னர் கிடைத்தது. எழுப்புதல் 1873வாக்கில் திருவிதாங்கூரில் பரவியபோது, யுஸ்தூஸ் யோசேப்பு என்ற கல்விமான் அதில் ஒரு தலைவரானார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவரானவர் அவர். 1875இல் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், இன்னும் ஆறே ஆண்டுகளில், அதாவது 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்தார்கள். ‘ஆறாண்டுக் கட்சி’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. 1881 வந்தது, போனது. எத்தனையோ குடும்பங்கள் மனமுடைந்தன.

‘காத்தல்’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். காவல் செய்வதற்கும் அதுவே சொல். எதிர்பார்த்து இருப்பதற்கும் அதிலிருந்துதான் ‘காத்திரு’ பிறந்தது. தினைப்புனம் காப்பவன் பரணில் சும்மா இருப்பதில்லை; ஆனால் கதிர் முற்றும் நாளை அவன் கட்டளையிடவும் முடியாது. பால் வெட்டுக்காரருக்கும் இது தெரியும். கோடு சரியாகப் போடவேண்டும். மங்கைத் துடைத்து வைக்கவேண்டும். பிறகு பால் தானாகத்தான் சொட்டும். மரத்தை உலுக்கிப் பயனில்லை.

அருளப்பன் 1867இல் மறைந்தார். மறக்கப்பட்டும் போனார். லாங் என்ற ஆங்கிலேயர் அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து 1939இல் நூலாக வெளியிட்டதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

நம் நாட்டிலும் துரைமார் இல்லாத ஒரு காலம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரையில், மேலைநாட்டு மிஷனரிகள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எஞ்சிய சபைகளை உள்ளூர்ப் போதகர்களும் மூப்பர்களும் நடத்தினார்கள். போனவர் திரும்புவாரா என்று பெண்கள் ஜெபித்துக் காத்திருந்த காலம் அது. திரும்பாதவர்களே மிகுதி என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பின்னர் 1973இல், சரவாக்கின் மலைநாடான பாரியோவில், கெலாபிட் மாணவர்களின் ஜெபக்கூட்டத்திலிருந்து ஓர் எழுப்புதல் தொடங்கி, அண்டை மலைச் சமூகங்களுக்கும் பரவியது. அங்கும் தொடங்கியவர்கள் இளையவர்கள். ஊர், அப்போது சாலை வசதியற்ற ஊர்.

பத்து தீகா, சுங்கை ரெங்கம் பக்கத்துத் தோட்டக் காடுகளின்மேல் 1963 முதல் ஷா ஆலம் நகரம் எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. லயங்கள் பல மறைந்தன. நான் சொன்ன மூதாட்டியும் மறைந்துவிட்டார். அவர் பேத்தி இப்போது அடுக்குமாடி வீடொன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறார். போன ஜனவரியில் அங்கே ஜெப வாரம் என்று அழைத்தார், போயிருந்தேன். ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேர்தாம். மின்தூக்கி பழுது. மற்றவர்கள் படியேறி வரும் ஓசைக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.