ஒரு மணி நேரப் பாடமும் பதினான்கு வாரப் பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2023 மார்ச் முதல் வாரம் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. நம் குன்றத்தூரைச் சுற்றி, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கமெல்லாம் வடமாநிலப் பிள்ளைகள் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு வயிற்றில் நெருப்பு. ஹோலிக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஒரே ரயிலில் ஏறினார்கள். யார் எதற்காகப் போகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு அவர்கள், பரவிய காணொளிகள் பொய் என்று விளக்கினார். ஒன்றில் இருந்தது வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. பீகார் அரசு 4 பேர் கொண்ட குழுவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கி வந்த அதிகாரி பாலமுருகன், ஒரு தமிழர்! அவர்கள் நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசிய பிறகுதான் பதற்றம் மெல்ல அடங்கியது.

வதந்தி என்பது கைப்பேசியோடு பிறந்ததல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. ஜப்பான் கப்பல்கள் வருகின்றன என்ற தவறான தகவலை நம்பி, அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. நகரம் காலியானது. மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பல் வரவே இல்லை. படிக்காத சனம்தான் வதந்தியை நம்பும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

ஆனால் அன்று செய்தி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஓர் இடம் இருந்தது. இன்று வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்புகிறார், அவருக்கு அவருடைய நண்பர் அனுப்பினார், அதற்கு மேல் போனால் இருட்டு. 2018 மே மாதம் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். காரணம், ஊர் ஊராகச் சுற்றிய குழந்தைக் கடத்தல் செய்தி. இந்தியா முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறகு அது உலகம் முழுக்கப் போனது.

கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கும். நம்புகிற மனசை என்ன செய்வது? இதற்குப் பதில் தேடிப் பீகாருக்கே போனவர் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர். 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் 1,224 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே சுமார் ஒரு மணி நேரம் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வாக்குப்பதிவுக்குப் பிறகு மறுபடி போய்ச் சோதித்தார்கள். மொத்தத்தில் பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! பாஜக ஆதரவாளர்களிடம் இன்னும் மோசம்: பாடம் கேட்ட பிறகு, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யைப் பொய் என்று சொல்லும் திறன் குறைந்தது. (நம் ஊரில் சோதித்தால் வேறு கட்சிக்காரர்கள் இதே பரீட்சையில் தோற்பார்கள் என்பது என் கணிப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வாய்ப்பாட்டை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுவாரம் ஒப்பிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை ஒப்பிக்கும்? அதிலும் இவர்கள் வளர்ந்தவர்கள், கட்சி என்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்கள்.

பத்ரிநாதன் அதோடு விட்டுவிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறு 3 ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மீண்டும் பீகாரில், இந்த முறை பதின்வயதுப் பிள்ளைகளிடம் போனார். 583 கிராமங்கள், 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள். அரசின் ‘ஜீவிகா’ திட்டத்து நூலகங்களில் 14 வாரங்களுக்கு இடைவெளி விட்டு வகுப்புகள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபாதிக்கு ஆங்கில வகுப்பு. இந்த முறை பலித்தது. பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிந்தார்கள். எந்த மூலத்தை நம்புவது என்பதையும் மாற்றிக்கொண்டார்கள். பாடம் பெரும்பாலும் உடல்நலச் செய்திகளைப் பற்றியது. 4 மாதம் கழித்துச் சோதித்தபோது அரசியல் செய்திகளிலும் அந்தத் திறமை தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு கடைசியாக வருகிறது: வகுப்புப் பக்கமே வராத பெற்றோரிடமும் மாற்றம் இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார்கள்.

என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பள்ளியில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா, அல்லது கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறாரா? நடக்கிறது என்றால் கீழே எழுதுங்கள். 14 வாரத்துக்குப் பாடத்திட்டம் போட்டுக்கொடுக்க நான் தயார். மாலை நேரம் எனக்கு ஓய்வுதான்.