சௌசிகு மென்ற கசப்புத் தண்டு



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "சார், பள்ளிக்கூடத்தில் பையனுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? காட்டில் சிம்பன்சிகூட இலையைத் தின்று தன் வயிற்றுப் பூச்சியைத் தானே போக்கிக்கொள்கிறதாமே. வாட்ஸ்அப்பில் வந்தது."

"முதலில் மாத்திரையைக் கொடு. மீதியை எழுதுகிறேன்" என்றேன். அந்த மீதிதான் இது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தி பொய் இல்லை. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருந்தது. விட்டுப்போன பாதியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியவேண்டும்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் மேற்கே தங்கனிக்கா ஏரி. அதன் கிழக்குக் கரையை ஒட்டி மகாலே மலைகள். 1965இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோஷிசாதா நிஷிதா அங்கே சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கினார். அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் தோங்வே மக்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டுப் பாதை காட்டியவர்களும் செடிகொடிகளுக்குப் பெயர் சொன்னவர்களும் அவர்கள்தான்.

ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. சிம்பன்சிகள் சில நாட்களில் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஆஸ்பிலியா என்ற செடியின் சொரசொரப்பான இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து, நாக்கால் மடித்து, மெல்லாமல் அப்படியே விழுங்கின. பிறகு மலத்தில் அந்த இலைகள் முழுசாக வெளியே வந்தன. பசிக்குத் தின்றால் மென்றல்லவா தின்னவேண்டும்? 1983இல் ரிச்சர்ட் ராங்கமும் நிஷிதாவும் இதை ஒரு புதிர் என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். 1985இல், அந்த இலையில் புழுக்களைக் கொல்லும் ரசாயனம் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இலைகளைச் சோதித்தபோது அந்த ரசாயனம் அவற்றில் அகப்படவில்லை. புதிர் திரும்பவும் புதிராகவே நின்றது.

இதற்கிடையில், 1987 நவம்பரில் வேறொரு சம்பவம் நடந்தது. மைக்கேல் ஹஃப்மன் என்ற இளம் ஆய்வாளர் சௌசிகு என்ற பெண் சிம்பன்சியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதற்கு உடம்பு சரியில்லை. பகலிலேயே படுத்துக் கிடந்தது. சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மெல்ல எழுந்து ஒரு செடியிடம் போய்க் கிளையை ஒடித்து, இலையைக் கழித்து, பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் தண்டை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சியது. சக்கையைத் துப்பியது. நாம் கரும்பு தின்பதுபோல! ஆனால் அது கரும்பு இல்லை. கடும் கசப்பு.

ஹஃப்மன் அன்று தனியாகப் போயிருந்தால், "இன்ன செடியைத் தின்றது" என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவர் முகமதி செய்ஃபு கலுண்டே. தோங்வே இனத்தவர், மூலிகை வைத்தியம் தெரிந்த குடும்பம். செடியைப் பார்த்ததுமே அவர் சொன்னார்: இது ம்ஜோன்சோ, எங்களுக்கு மருந்து. வயிற்றுக் கோளாறு, குடல்புழு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கொடுப்போம். வெர்னோனியா அமிக்டலினா என்பது அதன் தாவரவியல் பெயர்.

ஒரு நாளுக்குள் சௌசிகு தெளிந்துவிட்டது. 1989இல் ஹஃப்மன், செய்ஃபு இருவர் பெயரிலும் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது வகுப்பில் நான் ஓயாமல் சொன்ன பாடம். அவர்களும் அப்படியே நினைத்தார்கள். 1991இல் இன்னொரு பெண் சிம்பன்சி அதே தண்டை மென்றபோது, அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த மலத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கிராமுக்கு 130 முட்டைகள் இருந்தது, 20 மணி நேரத்தில் 15ஆகக் குறைந்திருந்தது. கியோட்டோவில் செடியைப் பகுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இலையிலும் பட்டையிலும் வெர்னோடாலின் என்ற நச்சுப்பொருள் அதிகம். சிம்பன்சி ஒதுக்கித் தள்ளியது அந்த இரண்டையும்தான்.

இனி புழுவைப் பற்றிக் கொஞ்சம். இது சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உருண்டைப்புழு. முட்டை மலத்தோடு மண்ணில் விழும். ஈரத்தில் பொரிந்து, இளம்புழு இலைதழையோடு அடுத்த சிம்பன்சியின் வயிற்றுக்குள் போகும். குடல் சுவரைத் துளைத்து முடிச்சு முடிச்சாகக் கட்டி உள்ளே வளரும். வளர்ந்தபின் குடலுக்குள் இறங்கி முட்டையிடும். ஈரம் வேண்டும் என்பதால் மழைக்காலம் தொடங்கியதும் தொற்று ஏறும். சிம்பன்சிகள் கசப்புத் தண்டை மெல்வதும் சொரசொரப்பு இலையை விழுங்குவதும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

இலைப் புதிரும் இப்படித்தான் அவிழ்ந்தது. விழுங்கிய இலைகளோடு வெளியே வந்த புழுக்களைப் பார்த்தால் அவை உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன! மருந்து கொன்றிருந்தால் எப்படி நெளியும்? வெறும் வயிற்றில் போன முரட்டு இலைகள் குடலைத் தூண்டிவிட்டு, சுமார் 6 மணி நேரத்திலேயே வெளியேறுகின்றன. போகும்போது புழுக்களையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போகின்றன. அடிப்படையில் இது துடைப்பம் செய்கிற வேலை. ஆப்பிரிக்காவின் பல இடங்களில் சிம்பன்சி, போனோபோ, கொரில்லா எல்லாம் இப்படி விழுங்கும் செடிகள் 30க்கும் மேல். இனம் வேறு, குடும்பம் வேறு. பொதுவாக இருப்பது அந்தச் சொரசொரப்பு ஒன்றுதான்.

கலுண்டே ஹஃப்மனிடம் தன் தாத்தாவைப் பற்றியும் ஒரு கதை சொல்லியிருக்கிறார். தாத்தா ஒரு முள்ளம்பன்றிக் குட்டியை எடுத்து வளர்த்தார். அதற்கு வயிற்றுப்போக்கு கண்டு துவண்டது. ஒருநாள் அது காட்டுக்குள் போய், முலெங்கெலெலே என்ற செடியின் வேரைத் தோண்டித் தின்று பிழைத்துக்கொண்டது. விஷம் என்று ஊரே ஒதுக்கிய வேர் அது. பிறகு ஊரில் வயிற்றுக்கடுப்பு பரவியபோது தாத்தா அந்த வேரைக் கொடுத்தார். யாரும் வாங்கவில்லை. முதலில் தானே சாப்பிட்டுக் காட்டினார். அதன்பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைத்தார்கள்.

இதை எழுதும்போது மனதை உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசின் கிராமக் குடியேற்றத் திட்டம், 1985இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா என்று அடுத்தடுத்து வந்ததில், தோங்வே மக்கள் இன்று அந்த மலைகளுக்குள் குடியிருக்கவில்லை. சிம்பன்சிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது நல்லதுதான். ஆனால் எந்தச் செடியில் எதை உரிக்கவேண்டும், எதைத் தள்ளவேண்டும் என்ற அறிவு அந்தச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்ததால் வந்தது. காட்டைவிட்டு விலகிய வீட்டில் பேரப்பிள்ளைக்கு அதை எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது?

இப்போது என் மாணவிக்குப் பதில். அம்மா, சிம்பன்சி இலை விழுங்குவதால் அதன் புழு அடியோடு ஒழிவதில்லை. பாரம் குறைகிறது, அவ்வளவுதான். அடுத்த மழைக்கு மறுபடி தொற்றும், மறுபடி விழுங்கும். அதற்கு வேறு வழி கிடையாது. உன் பையனுக்கு இருக்கிறது. பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை, புழு சர்க்கரைச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் செய்து பட்டினி போட்டுக் கொல்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார் கொடுத்த வேப்பங்கொழுந்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது என்று தெரிந்து பக்கத்தில் ஒருவர் நிற்கும்வரைதான் அது வைத்தியம். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த ஒருவர் கூட வருவதில்லை.

பிள்ளைகளே, அந்தச் செய்தி இனி உங்களுக்கும் வரும். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், முகமதி செய்ஃபு கலுண்டே என்ற பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்