இரண்டு கூரைகள்

1966 முதல் 1993 வரை அவுஸ்திரேலியாவில் புழங்கிய பத்து டொலர் தாளில், மீசை வைத்த ஒரு முகம் இருந்தது. ஹென்றி லோசனுடைய முகம் அது. இந்நாட்டின் காட்டுவெளியையும் ஏழை மனிதரையும் எழுதிய, மண்ணின் எழுத்தாளர் என்று பெயர் பெற்றவர். அந்த மண்ணின் மைந்தருடைய தகப்பன் ஒரு நோர்வேக்காரர்.

தகப்பனின் பெயர் நீல்ஸ் ஹேட்ஸ்பேர்க் லார்சன். 1832இல் ஆரெண்டால் துறைமுகத்துக்கு அருகே திரொமோய் தீவில் பிறந்த மாலுமி. 1855இல் மெல்பேர்ணில் கப்பலை விட்டிறங்கித் தங்கம் தேடிப் போனார். 1866இல் நியூ சவுத் வேல்சின் மட்ஜியில், மெதடிஸ்த போதகரின் இல்லத்தில், பதினெட்டு வயது லூயிசா அல்பரியை மணம் முடித்தார். பின்னாளில் 'த டோன்' பத்திரிகையை நடத்திப் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய லூயிசா லோசன் இவரே. அடுத்த ஆண்டு கிரென்ஃபெல் தங்கவயலில் பிள்ளை பிறந்தது. பிறப்பைப் பதிந்தபோது லார்சன், லோசன் ஆனது. நீல்சும் இங்கே பீற்றர் என்றே அழைக்கப்பட்டார். ஒரே தலைமுறையில் நோர்வே பெயரிலிருந்து மறைந்துவிட்டது.

ஆனால் தொலைந்துபோகவில்லை. நியூ சவுத் வேல்சில் அரசுப் பதிவு 1856இல் தொடங்கியது. அந்த விவாகப் பதிவுகளில் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் கேட்கப்பட்டன. அதிலிருந்து ஒரு நோர்வேக் கோயிற்பற்றின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே பாதிரிமார் எழுதிய ஏடுகளில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் என எல்லாம் உண்டு. ஊரை விட்டுப் போனவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு.

இந்த ஏடுகளைப் பற்றி வாசித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1812இல் அங்கே ஓர் ஆணை பிறந்தது. பாதிரியார் ஓர் ஏடு எழுத, கோயில் உதவியாளர் அதன் இரண்டாம் படியை எழுதவேண்டும். இரண்டும் ஓர் இரவேனும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. நெருப்புக்குப் பயந்து செய்த ஏற்பாடு. இன்று சிட்னியில் இருக்கும் ஒரு பேரன் தன் பூட்டனின் ஞானஸ்நானத்தைக் கணினியில் பார்க்கிறான் என்றால், அந்தப் பயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

நோர்வேக்காரரின் பெயர்முறை நமக்கு அந்நியமானதல்ல. லார்சன் என்றால் லார்சின் மகன். நாட்டுப்புறத்தில் தகப்பன் பெயர் தலைமுறைதோறும் மாறியது. இருந்த பண்ணையின் பெயரும் கூட ஒட்டிக்கொண்டது. 1923இல்தான் நிலையான குடும்பப் பெயரைச் சட்டம் கட்டாயமாக்கியது. லார்சன் பிறந்த அதே 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டி ஊர், வைரவநாதன் தகப்பன். பண்ணையும் லார்சும் போலத்தான். அந்தக் குடும்பத்திலும் மிஷன் வழியாகக் கிங்ஸ்பரி என்ற பெயர் ஒட்டியது. மகன் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என அறியப்பட்டார். அவரைத் தேடுபவர் இரண்டு பெயரிலும் தேடவேண்டும்.

நமக்கும் கோயிற்பற்று ஏடுகள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் பள்ளிக்கூட உபாத்திமார் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளித் தொம்புகளில் பதிந்தார்கள். விவாகம் சட்டப்படி செல்லவேண்டுமென்று, வீட்டில் சைவராக இருந்தவர்களும் அதில் பெயர் கொடுத்தார்கள். பின்னர் 1816 முதல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் எழுதியது. அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆண்டவர்களின் எழுத்துக்கு இரண்டாவது கூரை வாய்த்தது.

நாம் நமக்காக எழுதி வைத்தவை? சாதகம், காணி உறுதி, ஏட்டுச் சுவடி, கலியாணப் படம். இவை பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே பெட்டகத்தில் இருந்தன. பொதுவில் சேர்த்தவையும் ஒரே கூரையின் கீழ்தான். 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் போயின. கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990 சண்டையில் இடிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழுந்து நடந்தபோது, பெட்டகத்தைத் தூக்கி வர எவராலும் முடியவில்லை.

இங்கே வந்ததும் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அப்பாவின் பெயரை எழுதினோம். நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராயிற்று. ஊரின் பெயர் எந்தக் கட்டத்திலும் இடம்பெறவில்லை. நூறு வருடங்களுக்குப் பிறகு மெல்பேர்ணில் தேடப்போகும் ஒருத்திக்கு, சிறுப்பிட்டியோ உடுவிலோ எப்படித் தெரியும்? நாமும் லார்சன் செய்ததைத்தான் செய்திருக்கிறோம். அவருக்குப் பின்னால் திரொமோயில் ஓர் ஏடு இருந்தது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துக்களைப் படியெடுத்து வருகிறது. அது நூலுக்கும் பத்திரிகைக்கும் சுவடிக்கும் கிடைத்த இரண்டாவது கூரை. வீட்டுப் பெயர்களை நாம்தான் எழுதவேண்டும். ஒரு கொப்பி போதும். பாட்டன், பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள், பிறந்த ஊர், குறிச்சி, கோயில், ஞானஸ்நானப் பெயர் இருந்தால் அதுவும். ஊரை விட்டுப் புறப்பட்ட தேதியையும் சேருங்கள். நோர்வேப் பாதிரிமார் அதையும் எழுதியிருந்தார்கள். எழுதி முடித்ததும் இன்னொரு படி எடுத்து, வேறு நகரத்தில் இருக்கும் சகோதரிக்கு அனுப்பிவிடுங்கள்.