குல்மார்க்ல பனி விழுந்தாச்சா?

கிளியனூர்க்காரனுக்கு வெள்ளையா குவிஞ்சு கிடந்தா அது மரக்காணம் உப்புதான். போன வாரம் டீம்ல ஒருத்தர், "டிசம்பர்ல குல்மார்க் போய் பனிச்சறுக்கு கத்துக்கலாம், வர்றியா?" என்றார். சரி, கொஞ்சம் வரலாற்றைக் கிளறுவோமே என்று உட்கார்ந்தேன்.

1927-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர 1968-இல் பயிற்சி நிலையம் வந்தது. அதே சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான்தான் 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர்!

ஆனா பனி? 2024 ஜனவரியில் பெரும்பாலும் வெறும் புல்லும் மண்ணும்தான். மாதக் கடைசியில்தான் விழுந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

முதல் பாடமே, ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது. சீசன் தொடக்கத்தில் மெல்லிய பனிக்கு அடியிலேயே கல் இருக்கும். விழுந்தா பனியில இல்ல, கல்லுலதான்!

எங்க ஊர்ப் பக்கம் ஐப்பசி மழை பெய்தா உப்பளத்தில் வேலை நின்னுடும். அங்கே பனி பெய்யலைன்னா சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கூலி இல்ல. ரெண்டு பேர் பிழைப்பும் வானத்தோட கையில.

நண்பரிடம் சொல்லிட்டேன்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க... பனி விழுந்தாச்சான்னு!