தற்காலிகமாக வந்து 21 ஆண்டு உழைத்தது

2004 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து டைட்டன் 4பி ராக்கெட் ஒன்று கிளம்பியது. அதன் உச்சியில், ஏவுகணைகளின் வெப்பத்தை மேலிருந்து கண்காணிக்கும் ராணுவச் செயற்கைக்கோள் இருந்தது. கோளுக்கு அடியில் பொருத்தியிருந்த உந்துகலம் அதை உரிய உயரத்தில் சேர்த்துவிட்டு ஓய்ந்தது. ஐ.யூ.எஸ் என்ற அந்த உந்துகலத்தின் கடைசிப் பயணம் அது. ராக்கெட்டுகளுக்கும் விண்ணோடங்களுக்கும் இரங்கல் எழுத எத்தனையோ பேர் உண்டு. இது இரண்டுக்கும் நடுவே வேலை செய்தது என்பதாலேயே விடுபட்டுப் போனது.

அமெரிக்க விண்ணோடம் சில நூறு கிலோமீட்டர் உயரம்வரைதான் ஏறியது. தொலைத்தொடர்புக் கோள்கள் இருக்க வேண்டிய இடமோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில். ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகிற பேருந்து மாதிரிதான் விண்ணோடம் இருந்தது. மிச்ச தூரத்துக்கு வேறு வண்டி வேண்டியிருந்தது. 1969-இல் நாசா போட்ட பெரிய திட்டத்தில் அந்த வண்டியும் இருந்தது. ஸ்பேஸ் டக் என்று பெயர். கோளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும், மறுபடி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும். பணம் வெட்டப்பட்டபோது விண்ணோடம் பிழைத்தது, டக் தள்ளிப்போனது. அது வரும்வரை சமாளிப்பதற்கென்று அமெரிக்க விமானப்படைக்காக போயிங் செய்துகொடுத்ததுதான் ஐ.யூ.எஸ். 1982 அக்டோபரில் முதல் பயணம் போனது.

ஐந்து மீட்டர் சொச்சம் நீளம், 2.8 மீட்டர் விட்டம், 14 டன்னுக்கு மேல் எடை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திட எரிபொருள் மோட்டார்கள். திட எரிபொருளைப் பற்றவைத்தால் பற்றவைத்ததுதான், நடுவில் அணைக்க வழியில்லை. விண்ணோடத்தின் சரக்கறையில் அது கோளோடு படுத்திருக்கும். வீரர்கள் அதை 58 டிகிரி சாய்த்து நிமிர்த்துவார்கள், ஸ்பிரிங்குகள் மெல்லத் தள்ளிவிடும். பிறகு விண்ணோடம் விலகிப் போய், ஜன்னல்களில் புகை படாதபடி தன் வயிற்றைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். ஒரு மணி நேரம் போல் ஆனதும் முதல் மோட்டார் எரியும். அது சுமார் இரண்டு நிமிடம், பல மணி நேரம் கழித்து இரண்டாவது மோட்டார் இன்னொரு இரண்டு நிமிடம். அதன் ஆயுளின் உழைப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த நிமிடங்களும் ஒருமுறை சரியாக அமையவில்லை. 1983 ஏப்ரலில் சேலஞ்சரின் முதல் பயணத்தில் டிடிஆர்எஸ்-1 என்ற தகவல் தொடர்புக் கோளை ஐ.யூ.எஸ் ஏற்றிப் போனது. இரண்டாவது மோட்டார் எரியும்போது அதன் முனைக்குழாயைத் தாங்கும் இணைப்பு பழுதாகி, கோளோடு சேர்ந்து தறிகெட்டுச் சுழன்றது. தரையிலிருந்தவர்கள் எப்படியோ கோளைக் கழற்றிவிட்டார்கள். போக வேண்டிய பாதைக்கு வெகு கீழே கிடந்த அதை, திசை திருத்துவதற்கென்று வைத்த குட்டி உந்திகளைக் கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினார்கள். ஜூன் கடைசிவரை நடந்தது அந்த வேலை. காப்பாற்றப்பட்ட கோள் கால் நூற்றாண்டு உழைத்தது. தென்துருவ ஆய்வு நிலையத்தை வெளியுலகோடு இணைத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஏழு பேரோடு சிதறியபோது, சரக்கறையில் இருந்ததும் இன்னொரு டிடிஆர்எஸ் கோளும் இன்னொரு ஐ.யூ.எஸ்ஸும்தான்.

அந்த விபத்துக்குப் பின் நாசா, திரவ ஹைட்ரஜனில் ஓடும் சென்டார் உந்துகலத்தை மனிதர்கள் இருக்கும் ஓடத்தில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. அதில் ஏறி வியாழனுக்குப் போகக் காத்திருந்த கலிலியோ விண்கலம் ஐ.யூ.எஸ்ஸிடம் வந்து சேர்ந்தது. சென்டாரின் பலம் இதற்குக் கிடையாது. ஆகவே 1989 அக்டோபரில் கிளம்பிய கலிலியோ, வெள்ளியை ஒருமுறையும் பூமியை இருமுறையும் நெருங்கிக் கடந்து வேகம் சேர்த்துக்கொண்டு, 1995 டிசம்பரில்தான் வியாழனை அடைந்தது. சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேர்ந்தது. 1989 மே மாதம் வெள்ளிக்குப் போன மெகல்லனும், 1990-இல் சூரியனின் துருவங்களைப் பார்க்கப் போன யுலிசிஸும் இதன் தோளில் ஏறித்தான் போயின.

1999 இதற்குச் சோதனையான ஆண்டு. ஏப்ரலில் ஒரு ராணுவக் கோளை ஏற்றிப் போனபோது இரண்டு நிலைகளும் முழுதாகப் பிரியவில்லை, கோள் வீணானது. அடுத்து வரிசையில் நின்றது சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டு, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. உந்துகலமும் தாங்கு சாதனங்களும் சேர்த்து 22 டன்னுக்கு மேல். விண்ணோடம் சுமந்ததிலேயே அதிக எடை. ஜூலை 23 அன்று, விண்ணோடப் பயணத்தின் முதல் பெண் தலைவரான ஐலீன் காலின்ஸின் பொறுப்பில் கொலம்பியா கிளம்பியது. இரண்டு மோட்டார்களும் முறையாக எரிந்தன. அங்கிருந்து சந்திரா தன் சொந்த இயந்திரங்களால் மேலே ஏறிக்கொண்டது. ஐ.யூ.எஸ் செய்தவற்றில் இதையே ஆகச் சிறந்ததாக நான் வைப்பேன்.

பிறகு அதற்கு வேலை குறைந்தது. 2007-இல், ஏவுகணைகளின் வெப்பத்தைக் கண்காணிக்கும் அதே வரிசையின் கடைசி ராணுவக் கோளை டெல்டா 4 ஹெவி ராக்கெட் தன் மேல்நிலையைக் கொண்டே நேராக உச்சியில் விட்டது. ஸ்பேஸ் டக் மட்டும் வரவேயில்லை. 1969-இல் தாளில் இருந்த அந்த வண்டியைப் புதிய நிறுவனங்கள் இன்றைக்கும் செய்துபார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஐந்து ஆண்டுக்கு என்று அனுப்பிய சந்திரா, கால் நூற்றாண்டு தாண்டியும் உழைத்திருக்கிறது. அது எடுத்த வெடித்த விண்மீனின் படத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, சந்திரசேகரைப் பற்றிச் சொல்லுங்கள். அதை மேலே ஏற்றிவிட்ட ஐ.யூ.எஸ்ஸின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.