இலக்கமுறை அளவுகாட்டி: லேத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் எண் தோன்றிய வரலாறு

கடைசல் இயந்திரம் (லேத்), மில்லிங் இயந்திரம் ஆகியவற்றில் வெட்டுளியோ மேசையோ எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளந்து, அதை எண்களாகத் திரையில் காட்டும் கருவி இலக்கமுறை அளவுகாட்டி எனப்படும். பட்டறைகளில் இதை டி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்தில் சொல்வதே வழக்கம். தமிழ்நாட்டில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் மாவட்ட வருவாய் அலுவலர்தான் முதலில் நினைவுக்கு வருவார். இங்கே பேசப்படுவது வேறு. இயந்திரத்தின் நகரும் பாகத்தோடு பொருத்தப்பட்ட அளவுகோல், அதைப் படிக்கும் தலை, படித்ததை எண்ணாக்கிக் காட்டும் பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இக்கருவி. இது இயந்திரத்தை இயக்குவதில்லை. கைப்பிடியைச் சுற்றுபவர் மனிதரே; கருவி அவருக்கு இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு எளிய வேலையைச் செய்யும் கருவி பெரிய தொழிற்சாலைகளுக்கு 1960களில்தான் வந்தது. வீட்டின் பின்புறக் கொட்டகையில் சிறு லேத்து வைத்து மாதிரி நீராவி எஞ்சின் செய்பவரின் கைக்கு எட்ட மேலும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின.

கைப்பிடி வட்டில் என்ன குறை?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்குத் திருகு அளவி நினைவிருக்கும். தலைக்கோல் ஒரு முறை சுற்றினால் திருகு ஒரு புரியிடைத் தூரம் நகரும். அந்தத் தூரத்தைத் தலைக்கோல் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மீச்சிற்றளவு கிடைக்கும். லேத்தின் கைப்பிடியில் உள்ள வட்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. திருகின் புரியிடைத் தூரம் 2 மி.மீ., வட்டில் 100 பிரிவுகள் என்றால் ஒரு பிரிவு 0.02 மி.மீ. ஆகும்.

கணக்கு சரி, நடைமுறையில்தான் சிக்கல். மேசையை 87.35 மி.மீ. நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 43 முழுச் சுற்றுகளும் அதற்கு மேல் 67 பிரிவுகளும் அரைப் பிரிவும் சுற்ற வேண்டும். முப்பதாவது சுற்றில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போயிற்று. ஒரு சுற்று தவறினால் துளை 2 மி.மீ. தள்ளி விழும், இரண்டு நாள் உழைத்த வார்ப்பு பழைய இரும்புக்குப் போகும்.

இன்னொரு குறை பின்னடைவு. பட்டறைக்காரர்கள் இதை 'பேக்லாஷ்' என்றோ 'ப்ளே' என்றோ சொல்வார்கள். திருகுக்கும் மரைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே தீரும். கைப்பிடியைத் திசை மாற்றிச் சுற்றும்போது, அந்த இடைவெளி தீரும் வரை வட்டு நகரும், மேசை நகராது. அதனால் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்த வேண்டும் என்பது கடைசல் தொழிலில் சேருபவர் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. பழைய இயந்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். அதிகம் பயன்படும் நடுப்பகுதியில் திருகு தேய்ந்திருக்கும், ஓரங்களில் தேயாமல் இருக்கும். ஆகவே ஒரே வட்டு, இடத்துக்கு இடம் வெவ்வேறு பொய் சொல்லும்.

திருகை நம்பிய முந்நூறு ஆண்டுகள்

திருகைக் கொண்டு அளக்கும் பழக்கம் வானியலில் தொடங்கியது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் 1630களின் இறுதியில், தொலைநோக்கியின் உள்ளே சிறு கோணங்களை அளக்க நுண்ணிய திருகைப் பயன்படுத்தினார். 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் அவர் கொல்லப்பட்டார். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் மேசைமேல் வைக்கும் திருகு அளவி ஒன்றைச் செய்துவைத்திருந்தார். திருகுவெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய ஹென்றி மாட்ஸ்லே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பட்டறைக்கென ஓர் அளவி செய்து, அதற்கு 'லார்ட் சான்சலர்' என்று பெயரிட்டார். அளவு பற்றிய வழக்கில் அதன் தீர்ப்பே முடிவு, மேல்முறையீடு கிடையாது என்பது பெயரின் பொருள்.

மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வர்த், ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரக்கூடிய அளவியை 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். பிரான்சில் ஜான் லோரான் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்ற கையடக்கத் திருகு அளவியை, 1867 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான பிரவுனும் ஷார்ப்பும் கண்டு, தம் நாட்டில் பெருமளவில் செய்து விற்றனர். பள்ளி ஆய்வகத்தில் நாம் கையில் எடுப்பது அதன் வழிவந்ததே.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்த நம்பிக்கை ஒன்று உண்டு. நகர்த்தும் திருகையே அளக்கும் திருகாகவும் பயன்படுத்தலாம் என்பதே அது. திருகு அளவியில் அது பொருந்தும். அங்கே சுமை இல்லை. ஆனால் லேத்தின் திருகு நாள் முழுதும் வெட்டும் விசையைத் தாங்குகிறது, இரும்புத் தூளில் புரள்கிறது. அளக்கும் வேலையை அதனிடமிருந்து பிரித்து வேறொன்றிடம் கொடுத்ததுதான் இலக்கமுறை அளவுகாட்டியின் உண்மையான புதுமை. திரையில் ஒளிரும் எண்கள் அதற்குப் பிறகு வந்த வசதி என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு வலைகள் சேர்ந்தால்

சன்னலில் அடித்த கொசுவலையை இரண்டு மடிப்பாக வைத்துப் பாருங்கள். கம்பிகளைவிடப் பல மடங்கு அகலமான கருமை, வெண்மைப் பட்டைகள் தெரியும். ஒரு மடிப்பைச் சற்று நகர்த்தினால் பட்டைகள் விரைந்து ஓடும். இதற்கு 'மொய்ரே' பட்டைகள் என்று பெயர். நீரலை போன்ற பளபளப்புள்ள ஒரு பட்டுத்துணியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்த சொல். நெருங்கிய கோடுகள் வரைந்த இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தோன்றும் இப்பட்டைகளைக் கொண்டு, கோடுகள் ஒழுங்காக உள்ளனவா என்று சோதிக்கலாம் என 1874இலேயே ராலே பிரபு எழுதினார்.

இதன் கணக்கு சுவையானது. கோடுகளுக்கு இடையே 0.02 மி.மீ. உள்ள இரு கண்ணாடிக் கோல்களை, 0.01 ரேடியன் (அரைப் பாகைக்குச் சற்று அதிகம்) சாய்த்து வைத்தால், பட்டைகளின் இடைவெளி 0.02 ÷ 0.01 = 2 மி.மீ. ஆகிறது. ஒரு கோல் ஒரு கோட்டளவு நகர்ந்தால் பட்டை 2 மி.மீ. ஓடுகிறது. நூறு மடங்கு பெருக்கம், அதுவும் பல்சக்கரமோ நெம்புகோலோ இல்லாமல்! கூடவே, பட்டை ஒன்றில் பல கோடுகள் சேர்ந்து பங்களிப்பதால், ஒரு கோடு பிழையாக இருந்தாலும் அது மற்றவற்றில் கரைந்துவிடும்.

நீண்ட, துல்லியமான கோல்களைக் குறைந்த செலவில் செய்வது எப்படி என்பதே தடையாக நின்றது. இதை உடைத்தவர் ஆக்ஸ்ஃபர்டில் முன்பு பேராசிரியராக இருந்த சர் தாமஸ் மெர்ட்டன். அவர் ஓர் உருளையின்மேல் லேத்தில் மிக நுண்ணிய திருகுப்புரி வெட்டினார். பிறகு நெகிழ்வான உட்பகுதி கொண்ட மரை ஒன்றை அதன்மேல் ஓட்டி, அதன் வழியே அதே உருளையின் எஞ்சிய பகுதியில் புரியை மறுபடி வெட்டினார். ஒரே நேரத்தில் பல புரிகளைப் பற்றிய அந்த மரை அவற்றின் பிழைகளைச் சராசரியாக்கிவிட்டது. இறுதியில் உருளையின்மேல் படலம் பூசி, உலர்ந்ததும் நெடுக வெட்டி உரித்து, கண்ணாடியில் தட்டையாக விரித்தார். திருகுப்புரி நேர்கோடுகளாயிற்று. டெடிங்டனில் உள்ள பிரித்தானியத் தேசிய இயற்பியல் ஆய்வகம் இம்முறையை வளர்த்தெடுத்தது. லேத்தை அளக்கப்போகும் கோல் லேத்திலேயே பிறந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

எடின்பரோவிலிருந்து

1950களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த ஃபெராண்டி நிறுவனம், மில்லிங் இயந்திரத்தை எண்கட்டளைகளால் தானே ஓடவைக்க முயன்றது. அதை வழிநடத்தியவர் டி. டி. என். வில்லியம்சன். இசைக்கருவிப் பிரியர்கள் இவரை வேறு வகையில் அறிவார்கள். 1947இல் வெளியான வில்லியம்சன் ஒலிபெருக்கிச் சுற்று இவருடையதே. இயந்திரம் தானே ஓட வேண்டுமானால், தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்கு மொய்ரே கோல்களும் ஒளிமின்கலங்களும் பயன்பட்டன.

பட்டையை எண்ணுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஒரு ஒளிமின்கலம் இருந்தால் எத்தனை பட்டைகள் கடந்தன என்று மட்டும் தெரியும். வலப்புறமா இடப்புறமா என்று தெரியாது. கால் பட்டை தள்ளி இன்னொரு கலத்தை வைத்தால், எது முதலில் ஒளிர்கிறது என்பதைக் கொண்டு திசை தெரிந்துவிடும். இரண்டு கலங்களும் மாறும் தருணங்களைச் சேர்த்து எண்ணினால் ஒரு பட்டைக்கு நான்கு எண்ணிக்கை கிடைக்கும். 0.02 மி.மீ. கோல் இப்படித்தான் 0.005 மி.மீ. வரை காட்டுகிறது. இன்று மலிவாக விற்கும் கண்ணாடிக் கோல்களில் உள்ளதும் இதே கணக்கு.

தானியங்கி இயந்திரம் மிகுந்த விலையுள்ளது. ஆனால் அதன் 'கண்'ணை மட்டும் பிரித்தெடுத்துச் சாதாரண இயந்திரத்தில் பொருத்தி, எண்ணைத் திரையில் காட்டினால்? இலக்கமுறை அளவுகாட்டி இப்படித்தான் தனிப் பொருளாயிற்று. 1889இல் பெர்லினில் உலோக அரிப்புத் தொழிலகமாகத் தொடங்கி, போருக்குப் பின் பவேரியாவின் டிரான்ரூட்டில் மீண்டும் எழுந்த ஹைடன்ஹைன், கண்ணாடியில் குரோமியக் கோடுகள் பதிக்கும் முறையை 1950இல் கொண்டுவந்து இத்துறையில் முன்னணிக்கு வந்தது. ஒளியை விட்டு வேறு வழிகளும் தேடப்பட்டன. ஜப்பானின் சோனி, ஒலிநாடாவில் பெற்ற அறிவைக் கொண்டு காந்தக் கோல் செய்தது. இங்கிலாந்தின் நியூவால் செய்த கோல் எனக்குப் பிடித்தமானது: ஒரு குழாய்க்குள் ஒரே அளவான எஃகுக் குண்டுகளை வரிசையாக அடைத்து மூடிவிட்டு, வெளியே நகரும் கம்பிச்சுருள்கள் அவற்றை உணரும்படி செய்தார்கள். எண்ணெய், குளிர்விப்பான் நீர், இரும்புச் சுருள் எதுவும் உள்ளே போக வழியில்லை.

வீட்டுப் பட்டறைக்கு

பொழுதுபோக்காக இயந்திரம் செய்பவர்கள் மேற்கில் பழைய கூட்டம். 'மாடல் எஞ்சினியர்' இதழ் 1898இல் தொடங்கியது. 1946இல் வந்த மைஃபோர்டு எம்.எல்.7 லேத்து பிரித்தானியக் கொட்டகைகளில் குடும்ப உறுப்பினர் போல இருந்தது. தொழிற்சாலை அளவுகாட்டியின் விலை அப்படிப்பட்ட லேத்தின் விலையையே தாண்டும் என்பதால், அவர்கள் வட்டையும் நினைவாற்றலையும் நம்பியே வேலை செய்தார்கள்.

கதவைத் திறந்தது எதிர்பாராத பொருள்: மின்னணு வெர்னியர் அளவி. சுவீடனில் ஆண்டர்மோ என்பவர் காப்புரிமை பெற்ற மின்தேக்கு முறையில், 1980களில் கடிகார பேட்டரியில் ஓடும் அளவிகள் வந்தன. கோலில் உள்ள செப்புத் திட்டுகளுக்கும் நகரும் பகுதியில் உள்ள திட்டுகளுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் மாறுவதை ஒரு சில்லு கணக்கிடும். சீனாவில் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது. அந்த அளவிகள் பலவற்றின் ஓரத்தில் சிறு மூடிக்குள் நான்கு மின்முனைகள் இருந்தன. ஆர்வலர்கள் அதில் கம்பி செருகி, என்ன வருகிறது என்று பார்த்தார்கள். அளவு 24 இருமக் குறிகளாக வெளியேறிக்கொண்டிருந்தது. அங்குலத்துக்கு 20,480 என்ற கணக்கில் எண் வருவதையும் கண்டுபிடித்தார்கள்.

அதன்பின் அளவியின் தாடைகளை அறுத்து எறிந்துவிட்டு, கோலை மட்டும் லேத்தில் திருகுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அந்தக் குறிகளைப் படித்துப் பெரிய எழுத்தில் காட்டும் ஷூமாடெக் டி.ஆர்.ஓ.-350 போன்ற தாமே இணைக்கும் சுற்றுகள் வந்தன. பின்னாளில் டச்டி.ஆர்.ஓ. என்ற செயலி, பழைய ஆண்ட்ராய்டு பலகைக் கணினியையே திரையாக்கியது. இதற்குள் சீனக் கண்ணாடிக் கோல்களும் மலிந்து, மின்தேக்குக் கோல்களை ஓரங்கட்டத் தொடங்கின. ஈரம் பட்டால் உளறுவதும், மெதுவாக எண் மாறுவதும் மின்தேக்குக் கோலின் தீராத குறைகள்.

இதனால் அதிகம் பயன் பெற்றவை புதிய இயந்திரங்கள் அல்ல, பழையவை. திருகு தேய்ந்து, ஏலத்தில் எடைக்குப் போகவிருந்த மில்லிங் இயந்திரம், கோல் பொருத்தியதும் மீண்டும் நம்பத்தக்க அளவில் துளையிடுகிறது. அளப்பது இப்போது திருகு அல்லவே. பொத்தானை அழுத்தினால் இரு விளிம்புகளுக்கு நடுமையம் காட்டும், வட்டத்தில் சம இடைவெளியில் ஆறு துளைகளுக்கான இடங்களைக் கணக்கிட்டுத் தரும். முக்கோணவியல் அட்டவணையோடு உட்கார வேண்டியதில்லை.

எண் சொல்லாதவை

திரையில் 0.005 மி.மீ. வரை தெரிகிறது என்பதால் பொருளும் அந்தத் துல்லியத்தில் அமையும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. காட்டும் நுண்மை வேறு, துல்லியம் வேறு. அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890இல் வகுத்தார். அளவுகாட்டியின் கோலோ மேசையின் பின்புறத்தில் இருக்கிறது. வெட்டுளி முன்னே, மேலே இருக்கிறது. மேசை சற்றே சாய்ந்தாலும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு வரும், திரைக்கு அது தெரியாது. வெட்டும் விசையில் உளி வளைவதும், உளி முனை தேய்வதும் தெரியாது.

வெப்பமும் அப்படியே. நீள அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்று 1931இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. 100 மி.மீ. எஃகுத் துண்டு 40 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீளும்; அலுமினியம் என்றால் அதைப்போல் இரு மடங்கு. வெட்டி முடித்த சூட்டோடு அளந்து, திரையையும் நம்பி எடுத்த பொருள், ஆறியதும் இறுக்கமாகவோ தளர்வாகவோ போவது இதனால்தான்.

லேத்தில் இன்னொரு கவனம் தேவை. உளி 1 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 2 மி.மீ. குறையும். எனவே பெரும்பாலான பெட்டிகளில் ஆரமா விட்டமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. வேலை தொடங்கும் முன் அது எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில சிறு இயந்திரங்களில், எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ஷெர்லைனில், உணரி கைப்பிடியின் சுழற்சியையே எண்ணுகிறது. பின்னடைவைக் கணக்கில் கழித்துக் காட்டுகிறது. சுற்றுகளை எண்ணும் தொல்லை அதில் தீர்கிறது. திருகு தேய்ந்தால் மட்டும் அந்த எண்ணும் கூடவே பிசகும்.