பித்தோன் தெ லா ஃபூர்னேசு

பித்தோன் தெ லா ஃபூர்னேசு என்பது இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் தென்கிழக்கில் அமைந்துள்ள ஒரு கேடய எரிமலை ஆகும். பிரெஞ்சு மொழியில் இப்பெயர் "உலைச் சிகரம்" எனப் பொருள்படும். 2,632 மீட்டர் உயரமுடைய இதில் 17ஆம் நூற்றாண்டு முதல் 150க்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இத்தீவில் பெருமளவில் வாழ்கின்றனர்.

அமைப்பு

இளகிய பசால்ட்டுக் குழம்பு நெடுந்தொலைவு ஓடிப் பரவுவதால் கேடய எரிமலைகள் கவிழ்த்து வைத்த கேடயம் போல் அகன்று, சரிவு குறைந்து காணப்படும். இதனை உருவாக்கிய வெப்பப்புள்ளியே ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளையும் தோற்றுவித்தது எனப் பெரும்பாலான நிலவியலாளர் கருதுகின்றனர். அப்பாறைகள் தமிழ்நாடு வரை எட்டவில்லை. தேனி, கம்பம் பகுதி மலைகள் அவற்றினும் மிகப் பழைமையான சார்னோக்கைட்டு, நைசு பாறைகளால் ஆனவை.

சுற்றுப்புறத்தின் மீதான தாக்கம்

பெரும்பாலான வெடிப்புகள் கடலை நோக்கித் திறந்த குதிரை லாட வடிவப் பள்ளத்தினுள்ளேயே நிகழ்கின்றன. அங்குக் குடியிருப்புகள் இல்லை. குழம்பு பள்ளத்திற்கு வெளியே வெளிப்படும்போதுதான் ஊர்களுக்கு ஆபத்து. 1977 ஏப்ரலில் அவ்வாறு வெளிப்பட்ட குழம்பு பித்தோன் செயின்ட் ரோசு என்னும் ஊருக்குள் புகுந்து பல வீடுகளை அழித்தது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு இல்லை. அவ்வூர்த் தேவாலயத்தைச் சூழ்ந்த குழம்பு வாயிலோடு நின்றுவிட்டது. இன்று அது "எரிகுழம்பு அன்னை ஆலயம்" என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. இந்நிகழ்வின் விளைவாக 1979இல் எரிமலை ஆய்வகம் நிறுவப்பட்டது.

2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள தொலொமியு வாயின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளிறங்கியது. குழம்பு கடற்கரை நெடுஞ்சாலையைத் துண்டித்துக் கடலில் கலந்து புதிய நிலத்தை உருவாக்கியது. நச்சு வளிமங்கள் அருகிலுள்ள லெ திரம்பிளே மக்களைப் பாதித்தன. ஆழ்கடல் மீன்கள் இறந்து மிதந்தன. அரிதாகவே காணக்கிடைக்கும் இவற்றை ஆய்வாளர்கள் சேகரித்தனர்.

மழையின் மீதும் இம்மலைக்குப் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை கம்பம் பள்ளத்தாக்கை மழை மறைவில் வைப்பது போலவே, தீவின் மலைகள் தென்கிழக்குக் காற்றைத் தடுத்துக் கிழக்கில் மழையைப் பொழிவித்து, மேற்குக் கரையை வறட்சியாக்குகின்றன. 2007 பிப்ரவரியில் கமேது புயலின்போது இம்மலையிலுள்ள கொமர்சன் பள்ளத்தில் மூன்று நாட்களில் 3,930 மி.மீ. மழை பதிவானது, இது உலக அளவில் மிக உயர்ந்த அளவாகும். இம்மழையால் ஆறிய குழம்பில் முதலில் பாறைப்பாசிகளும் பின்னர்ப் பெரணிகளும் முளைத்து, காலப்போக்கில் காடு மூடுகிறது. செயின்ட் பிலிப் பகுதியில் அக்காட்டு மர நிழலில் வனிலாக் கொடிகள் வளர்க்கப்படுகின்றன.